சாயங்கால அழுகை

சிதம்பரம்
19 பிப்ரவரி 2024

இளமதி,

நலம் விசாரித்து எழுத மனசு வரவில்லை. என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை அப்படிச் செய்ய முடியாது என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

முகூர்த்த மாதத்தில் தையல் கடையைப் பூட்டிவிட்டு, வாங்கிய ஜாக்கெட் துணிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உனக்குப் பிள்ளைப்பேறு பார்க்க முதுநகருக்கு வந்தவள் நான். என் தம்பியைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து திருவதிகையில் உன் வீட்டார் உன் பேரைக்கூடச் சொல்வதில்லை. தம்பி பூவரசனும் குவைத்தில் இருக்கிறான். பச்சை உடம்புக்காரி தனியாகக் கிடப்பாளே என்றுதான் வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் எங்கே போயிருந்தேன்? உனக்குப் பால் ஊற வேண்டும் என்று பால்சுறா வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே பிள்ளையின் அலறல் கேட்டது. ஓடி வந்தால் நீ மாடிப்படியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். உள்ளே பாயில் பிள்ளை ஒண்டியாகக் கிடக்கிறது. முகமெல்லாம் கருஞ்சிவப்பு, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கத்துகிறது. "பெத்த புள்ளைய போட்டுட்டு வெளிய குந்திக்கிட்டு இருக்கியே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். தெருவே கேட்கத்தான் கேட்டேன். அதற்கு நீ என்னை வெளியே போகச் சொன்னாய். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிள்ளை ஏன் அழுகிறது என்று உனக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். பலாக்கொட்டை சாப்பிடாதே என்றேன், சாப்பிட்டாய். ஃபேனுக்கு அடியில் போடாதே என்றேன், போட்டாய். வாயு ஏறிப் பிள்ளை துடிக்கிறது. இதையெல்லாம் தம்பிக்கு வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிட்டேன். பெற்றவனுக்குத் தெரிய வேண்டும்.

அது எங்கள் வீட்டுப் பிள்ளை. ஞாபகம் இருக்கட்டும்.

ஜோதிலட்சுமி


முதுநகர்
23 பிப்ரவரி 2024

அண்ணி,

ஒரு கையில் பாப்பாவை வைத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் தம்பி போன் செய்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. "அக்கா சொல்றது நெசமா?" என்றுதான் கேட்டார். குழந்தை பிறந்த பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் பெரிய கேள்வி அது.

நிஜம்தான். ஆனால் நீங்கள் பாதியிலிருந்துதான் பார்த்தீர்கள். அன்று நீங்கள் மார்க்கெட்டுக்கு இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவள் ஆரம்பித்துவிட்டாள். பால் கொடுத்தேன், இரண்டு வாய் குடித்துவிட்டு வில் மாதிரி வளைந்து கத்தினாள். தோளில் போட்டுத் தட்டினேன். துணி மாற்றினேன். தூளியில் ஆட்டினேன். பாடினேன். நடந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம் நிறுத்தி, முன்னைவிட ஜாஸ்தியாக அழுதாள். ஒரு கட்டத்தில் என் கையைப் பார்த்தேன். அவளைப் பிடித்திருந்த பிடி தாங்குகிற பிடியாக இல்லை. நசுக்குவதுபோல இருந்தது. உலுக்கிவிடுவேன் என்று தோன்றியது. என் கைக்கு நானே பயந்தேன். அதனால்தான் பாயில் மல்லாக்கப் போட்டு, பக்கத்தில் இருந்த தலையணையை எல்லாம் எடுத்துவிட்டு, வெளியே வந்து உட்கார்ந்தேன்.

இதை உங்களிடம் சொல்லி அழலாம் என்றுதான் படியில் காத்திருந்தேன். நீங்கள் வந்து கேட்டதைத்தான் தெருவே கேட்டதே. இப்போது குழாயடிக்குப் போனால் பக்கத்து வீட்டுச் சின்னம்மாள் என்னைப் பார்த்துவிட்டுக் குடத்தைப் பார்க்கிறாள். மற்றவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரம்மா எடை பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், காது, தொண்டை எல்லாம் பார்த்தார். நன்றாக எடை ஏறியிருக்கிறாள். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை. ஆரோக்கியமான பிள்ளைகளில் சிலது பிறந்த சில வாரத்தில் இப்படிச் சாயங்காலம் ஆனால் அழும், எதனால் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது, மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கிவிடும் என்றார். நான் சாப்பிட்டதாலா என்று கேட்டேன். "நீ ஒண்ணும் பண்ணலம்மா" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். படியில் போய் உட்கார்ந்ததையும் சொன்னேன். கை மீறும் என்று தோன்றினால் பத்திரமான இடத்தில் படுக்க வைத்துவிட்டு வெளியே வருவதுதான் சரி என்றார். அதையும் உங்கள் தம்பிக்கு வாய்ஸ் மெசேஜில் அனுப்புங்கள்.

பிளாக்கை எடுக்கமாட்டேன். போனில் நீங்கள் பேசுவது மட்டும்தான் கேட்கும். கடிதம் என்றால் நான் சொல்வதையும் நீங்கள் படித்தாக வேண்டும்.

இளமதி


சிதம்பரம்
28 பிப்ரவரி 2024

இளமதி,

படித்தேன். காரணம் தெரியாது, மருந்து கிடையாது, தானாகப் போய்விடும் என்று சொல்வதற்கு ஒரு டாக்டர் எதற்கு? எங்கள் தெருவில் மாடு மேய்க்கிறவர்கூட அதைச் சொல்வார்.

கையைப் பார்த்துப் பயந்தேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை. பெற்றவளுக்கு அப்படித் தோன்றுமா? எழுதலாமா அதை? யார் கையிலாவது கிடைத்தால் என்ன நினைப்பார்கள்? கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

உன் புருஷனும் இப்படி அழுதவன்தான். அம்மா கருவாட்டுக் கூடையோடு ஊர் ஊராகப் போய்விட்டு இருட்டித்தான் வருவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இவன் என் இடுப்புக்கு வந்துவிடுவான். வெயில் இறங்கினால் போதும், தொண்டை கிழியக் கத்துவான். நான் படியில் போய் உட்காரவில்லை. அடக்கினேன். எப்படி என்று கேட்கும் பணிவு உனக்கு இருந்தால் சொல்லியிருப்பேன்.

என்னைத்தான் வேண்டாம் என்றாய். பிள்ளையைக் குளிப்பாட்டவாவது ஆள் வேண்டும். எங்கள் ஊர் தங்கம்மாளை அனுப்புகிறேன். எத்தனையோ பிள்ளைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிய கை. கோபத்தில் அவளைத் திருப்பி அனுப்பாதே. கோபம் என்னோடு இருக்கட்டும், பிள்ளையின் உடம்பில் காட்டாதே.

ஜோதிலட்சுமி


முதுநகர்
7 மார்ச் 2024

அண்ணி என்று எழுதக் கை வரவில்லை.

தங்கம்மாளை நான் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பியிருக்க வேண்டும். என் இடுப்பு விட்டுப் போயிருந்தது, தலைக்கு ஊற்றி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அந்தம்மா அருமையாகக் குளிப்பாட்டினார். "நீ போயி தலைக்கு ஊத்திக்கிட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். நம்பிப் போனேன்.

வந்து பார்த்தால் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் முழுக்கத் தூங்கினாள். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? சோறு வடித்துச் சூடாகச் சாப்பிட்டேன். உங்களை நினைத்து, பரவாயில்லை, நல்ல ஆளைத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். பிறகு பால் கொடுக்க எழுப்பினேன். எழவில்லை. மார்பில் வைத்தால் வாய் திறக்கவில்லை. கையைத் தூக்கி விட்டால் துணி மாதிரி விழுந்தது.

சின்னம்மாளின் மகன் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்ன கொடுத்தாய் என்று டாக்டரம்மா கேட்டார். தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்தேன். வீட்டில் வேறு யார் இருந்தது என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அங்கிருந்தே தங்கம்மாளுக்குப் போன் போட்டேன். மறைக்கவில்லை அந்தம்மா. "ஜோதிதான் ஜாதிக்காய் உரைச்சு ஊத்தச் சொன்னாங்க. அதான் ஊத்தினேன்" என்றார்.

இரண்டு நாள் வார்டில் வைத்திருந்தார்கள். ஊசி குத்தக் கையில் நரம்பு கிடைக்காமல் காலில் குத்தினார்கள். அவள் மறுபடி வீறிட்டு அழுதபோது அந்த வார்டில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான். டாக்டரம்மா என்ன சொன்னார் தெரியுமா? தூங்க வைக்கிற உரை மருந்து சில பிள்ளைகளுக்கு மூச்சையே நிறுத்திவிடும் என்றார்.

நான் என் பிள்ளையைக் கீழே படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தேன். அதற்கு நீங்கள் என்னைத் தாயா என்று கேட்டீர்கள். இதற்கு நான் உங்களை என்னவென்று கேட்க?

உங்கள் தம்பிக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். இனி இந்த வீட்டுக்கு ஆளும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

இளமதி


சிதம்பரம்
12 மார்ச் 2024

இளமதி,

பூவரசன் போனில் என்னைக் கேட்ட கேள்வியை எந்தத் தம்பியும் அக்காவைக் கேட்கக் கூடாது. "என் பொண்ண கொல்லப் பாத்தியா?" என்றான். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அளவு எடுத்துக்கொண்டிருந்த டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். உனக்கு இப்போது நிம்மதியா?

ஒரு உரசல் என்றுதான் தங்கம்மாளிடம் சொன்னேன். அவள் எத்தனை உரசினாளோ. விஷமா அது? சமையலறையில் இருக்கிற சாமான். பூவரசனுக்கு அதைத்தான் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் சொல்லிக் கொடுத்தார்கள். கொடுத்தால் தூங்குவான். நான் பாவாடையை இழுத்துக் கட்டிக்கொண்டு சோறு வைப்பேன், பாத்திரம் தேய்ப்பேன், வீட்டுப்பாடம் எழுதுவேன். நானே சின்னப் பிள்ளை. அவன் அழுதால் அம்மா வந்ததும் என்னைத்தான் அடிப்பாள். நான் அவனைக் கிள்ளியிருப்பேன் என்பாள். அவன் தூங்கினால் அடி கிடையாது. அப்படி வளர்ந்தவன்தான் உனக்குப் புருஷன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது உன் கடிதத்தைப் படித்த பிறகு, அவன் கண் திறக்காமல் கிடந்த சாயங்காலம் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. தையல் ஓடவில்லை. இதுவும் உன்னால்தான்.

பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது. உனக்காக அல்ல, எனக்காகவும் அல்ல.

ஜோதிலட்சுமி


முதுநகர்
16 மார்ச் 2024

அண்ணி,

நன்றாக இருக்கிறாள். பால் குடிக்கிறாள். வெயில் தாழ்ந்ததும் அழுகிறாள். மருந்தின் மயக்கம் போய்விட்டது, அழுகை போகவில்லை.

உங்கள் தம்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்களைத் திட்டிவிட்டு எனக்குப் போன் செய்து, அக்காவிடம் என்னை இப்படிப் பேச வைத்துவிட்டாயே என்று என்னைத் திட்டினார். அங்கே ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரையும் மாறி மாறித் திட்டுகிறார். பிள்ளையை ஒரு சாயங்காலம்கூடத் தூக்காதவர்.

நீங்கள் அடி வாங்கியதைப் படித்தேன். பாவமாக இருந்தது. அந்தச் சின்னப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தங்கம்மாளை அனுப்பியது அந்தச் சின்னப் பெண் இல்லையே. எனக்குத் தெரியாமல் கொடுக்கச் சொன்னது பெரிய மனுஷியான நீங்கள். அதை நான் மன்னிப்பதாக இல்லை.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் என்னோடு இருந்த நாட்களில், அழ ஆரம்பித்தால் பாப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவீர்கள். அங்கிருந்து சொல்வீர்கள், அப்படிப் பிடி, இப்படித் தட்டு என்று. ஒரு சாயங்காலம் வாருங்கள். ஆரம்பம் முதல் அடங்கும்வரை அவள் உங்கள் கையில் இருக்கட்டும். பால் கேட்டால் மட்டும் நான் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறேன். பையில் மருந்து, வசம்பு, கிரைப் வாட்டர் எதுவும் இருக்கக் கூடாது. வாசலிலேயே பையைத் திறந்து பார்ப்பேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு நான் தாயா இல்லையா என்று சொல்லுங்கள். தெருவில் சொன்னதைத் தெருவில்தான் சொல்ல வேண்டும்.

இளமதி


சிதம்பரம்
26 மார்ச் 2024

இளமதி,

பையைத் திறந்து காட்டினேன். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி நிறுத்தி வைத்ததில்லை. அதை மறக்கமாட்டேன் என்று முதலில் எழுதிவிடுகிறேன்.

அன்று எதுவும் பேசாமல் கிளம்பிவிட்டேன். ரயிலில் யோசித்ததை எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நீ காட்டிய மாதிரி முன்கையில் குப்புறப் போட்டு, தலையை முழங்கை மடிப்பில் தாங்கி, முதுகைத் தடவிக்கொண்டு நடந்தேன். அடங்கினாள். இவ்வளவுதானா, இதற்கா இவள் இத்தனை ஆர்ப்பாட்டம் செய்தாள் என்று நினைத்தேன். நீ அறையிலிருந்து என் முகத்தைப் பார்த்திருப்பாய். அப்புறம் தொடங்கினாளே. தோளில் போட்டேன், துணியில் இறுக்கிச் சுற்றினேன், விளக்கைக் குறைத்தேன், காதோரம் உஷ் உஷ் என்றேன். எல்லாம் கொஞ்ச நேரத்துக்குக் கேட்டாள். பிறகு எதையும் கேட்கவில்லை. என் காதுக்குள் அந்தச் சத்தம் ஊசி இறங்குவதுபோல இறங்கியது. எனக்குப் பின்னால் அம்மா வந்து நிற்கிற மாதிரி இருந்தது. இப்போது அடி விழும் என்று என் முதுகு கூசியது. இந்த வயதில்.

அப்போது என் கையைப் பார்த்தேன். நீ எழுதியிருந்த வரி ஞாபகம் வந்தது. அடுப்பில் போட்டேனே, அந்த வரி.

நீதான் அறையிலிருந்து எழுந்து வந்து, "கீழ படுக்க வைங்க அண்ணி. வெளிய போயி காத்து வாங்கிட்டு வாங்க. அவ அழுவட்டும், நான் இருக்கேன்" என்றாய். அதை நீ குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லியிருந்தால் அப்போதே ரயிலேறியிருப்பேன். நீ அப்படிச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

படியில் போய் உட்கார்ந்தேன். குழாயடியில் ஐந்தாறு பேர் நின்றார்கள். உள்ளே பிள்ளை கத்துவது அவர்களுக்கும் கேட்டது. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. சின்னம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "பாவம், ஒரு நாளைக்கே அலுத்துப் போயிட்டீங்க" என்றாள். உன்னை ஒரு மாதிரி பார்த்த தெரு எனக்குத் தண்ணீர் கொடுத்தது. நான் அன்றைக்குக் கத்தாமல் இருந்திருந்தால் உனக்கும் யாராவது கொடுத்திருப்பார்கள்.

திரும்ப உள்ளே வந்து வாங்கிக்கொண்டேன். அப்புறமும் எவ்வளவு நேரம் அழுதாள் என்று தெரியாது. திடீரென்று ஒரு பெருமூச்சு விட்டு நிறுத்தினாள். நான் அப்போது புதிதாக எதுவும் செய்யவில்லை. வெறுமனே பிடித்துக்கொண்டு நின்றேன். நான் நிறுத்தவில்லை, அவளாக நிறுத்தினாள். அப்படியென்றால் நீயும் தொடங்கி வைக்கவில்லை. அது எனக்குப் புரிந்துவிட்டது.

பூவரசனிடம் பேசினேன். படியில் உட்கார்ந்ததைப் பற்றி இனி இளமதியை ஒரு வார்த்தை கேட்கக் கூடாது, லீவு போட்டுக்கொண்டு வந்து பிள்ளையைத் தூக்கு என்றேன். தங்கம்மாளிடமும் இனி எந்தப் பிள்ளைக்கும் ஜாதிக்காய் உரைக்காதே என்று சொல்லிவிட்டேன். நான் சொல்லித்தான் நடந்தது, அவள் மேல் பழி இல்லை.

தெருவில் சொல்லச் சொல்கிறாய். அது என்னால் முடியாது. வயதில் மூத்தவள் நான். குழாயடியில் நின்று தப்பு என் மேல் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. இதற்கு மேல் கேட்காதே.

ஜோதிலட்சுமி


முதுநகர்
20 ஏப்ரல் 2024

அண்ணி,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியாது என்று எழுதியவருக்கு என்ன எழுதுவது?

நேற்று சின்னம்மாள் மாடிக்கு வந்தாள். வியாழக்கிழமை காலையில் நீங்கள் வந்ததாகச் சொன்னாள். தண்ணீர் வருகிற நேரமாகப் பார்த்து வந்து, குழாயடியில் எல்லோரும் இருக்கும்போது, "அன்னிக்கு இளமதிய நான் பேசினது தப்பு. அவ புள்ளைய பத்திரமா வெச்சிட்டுத்தான் வெளிய வந்தா. நான்தான் தெரியாம கத்திட்டேன்" என்று சொன்னீர்களாம். யாரும் பதில் சொல்வதற்குள் திரும்பி நடந்துவிட்டீர்களாம். சின்னம்மாள் மாடிக்குக் கூப்பிட்டும் வரவில்லையாம். நான் அப்போது உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் காதில் விழவே இல்லை.

இன்று காலையில் குழாயடிக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவள் என் குடத்தை வாங்கி முதலில் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஜாதிக்காய் விஷயத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியாது. அவள் வார்டில் கிடந்ததை நினைத்தால் இப்போதும் உங்கள் மேல் கோபம் வருகிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

ஆனால் உங்களுக்கு ஒரு சேதி இருக்கிறது. நாலைந்து நாளாகவே அழுகை குறைந்துகொண்டு வந்தது. முந்தாநாள் சாயங்காலம் வழக்கம்போல அவளைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கத் தயாராக நின்றேன். அழவில்லை. வெயில் இறங்கியது, தெருவிளக்கு எரிந்தது, அப்போதும் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாயைத் திறந்து சிரித்தாள், சத்தமாக. என்ன செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை. அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன், டியூட்டியில் இருந்தார், எடுக்கவில்லை. திருவதிகைக்குப் போடலாமா என்று நினைத்தேன், போடவில்லை. அந்தச் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தால் மாடிக்கு வாருங்கள். கீழேயே நின்று திரும்பிப் போகாதீர்கள்.

இளமதி